என்னாலும் மாற்ற முடியாத வரிசை

டேட்டாபேஸில் வரும் ட்ரிகர் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று இளைய புரோகிராமர்கள் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எப்படி எழுதுவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, என்னைவிட வேகமாகவே எழுதுவீர்கள். என் காலத்தில் ஒரு வரி தப்பாகிப்போனால் அதைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆகும். அதற்குள் இரண்டு டீ குடித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தையும் ஆசை தீரப் பார்த்துவிடலாம். நான் கொஞ்சம் கனவில் மிதக்கிற ரகம். வேலையில் இருந்த வருஷமெல்லாம் மேலதிகாரிகள் என்னைப் பற்றி, "திறமை உண்டு, கவனம்தான் வேறெங்கோ இருக்கிறது" என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

ட்ரிகர் என்றால் அப்போது எனக்கு ஒரு மயக்கம். கம்ப்யூட்டர் அட்டவணையில் ஒருவர் ஒரு வரியைச் சேர்க்கிறார், அழிக்கிறார், மாற்றுகிறார். உடனே யாரும் கூப்பிடாமல் ஒரு கட்டளை தானாக எழுந்து, தன் வேலையை முடித்துவிட்டு, சத்தமில்லாமல் படுத்துக்கொள்கிறது. எழுப்பியவருக்கே தான் எழுப்பியது தெரியாது. டெல்லியில் ஜனக்புரியிலிருந்து ஆர்.கே.புரம் வரும் பஸ்ஸில், பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டியின் மங்கலான விளக்கைப் பார்த்தபடி, இதையேதான் நினைத்துக்கொண்டு வருவேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைப் பல நாள் தாண்டிப் போயிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கடைநிலை ஊழியர்களுக்கென்று அலுவலகத்துக்குச் சொந்தமாகச் சில குடியிருப்புகள் இருந்தன. ஒரு அறை, ஒரு சமையலறை, தண்ணீர் வரும் குழாய், அவ்வளவுதான். அதற்குப் பத்து, பன்னிரண்டு வருஷம் காத்திருப்பார்கள். காத்திருப்போர் பட்டியல் ஒரு பெரிய ரெஜிஸ்டரில் இருந்தது. யாராவது பெரிய இடத்துச் சிபாரிசுச் சீட்டோடு வந்தால், கீழே இருக்கும் பெயர் மேலே ஏறிவிடும். ஏறியது எப்படி என்று யாருக்கும் தெரியாது, இறங்கியவனுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் இயக்குநர் பஞ்சாபிக்காரர். சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஐசா கரோ, கிஸீகா ஹாத் ந லகே" என்றார். யார் கையும் படாதபடி செய்துவிடு என்று அர்த்தம்.

செய்தேன். மூன்று ட்ரிகர்கள். ஒருவர் ஓய்வு பெற்றாலோ விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினாலோ அவர் வரி அழிக்கப்படும், அப்போது அவருக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோரும் தானாக ஓரிடம் மேலே வருவார்கள். புதிதாக ஒரு வரி எழுதினால் அது வரிசையின் கடைசிக்குப் போகும். நடுவில் யாராவது வரிசை எண்ணை மாற்றப் பார்த்தால், அனுமதி இல்லை என்று திரை சொல்லிவிடும். மத்தியானத் தூக்கச் சடவில் அந்த வரிசையை மனசுக்குள் பார்ப்பேன். சுவரோரமாக இருநூறு பேர் பேசாமல் நிற்கிறார்கள். முன்னால் ஒருவர் விலகியதும், இருநூறு பேரும் ஒரே சமயத்தில் ஓர் அடி நகர்கிறார்கள். அந்தக் காலடிச் சத்தம்கூட எனக்குக் கேட்கும்.

முதல் மாதமே ஒரு மந்திரியின் உதவியாளர் சீட்டோடு வந்தார். அவரை என் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொன்ன பெயரின் எண்ணை அவர் கண்ணெதிரே மாற்றப் பார்த்தேன். திரை மறுத்துவிட்டது. "ஆப் தோ கர் சக்தீ ஹைன் ந?" என்றார். நீங்கள் செய்யலாமே என்று.

"என்னாலும் முடியாது சார்" என்றேன்.

அது பொய். பூட்டு போட்டவள் நான், சாவியும் என்னிடம்தான் இருந்தது. ட்ரிகரை இரண்டு நிமிஷம் தூங்க வைத்துவிட்டால் வரிசையை எப்படி வேண்டுமானாலும் கலைத்து அடுக்கலாம். ஆனால் அந்தப் பொய் எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லி மாளாது. யாரிடமும் முகம் கொடுத்துச் சண்டை போட வேண்டாம், கெட்ட பெயர் எடுக்க வேண்டாம். இரண்டு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே நம்பத் தொடங்கியிருந்தேன். அலுவலகம் முழுக்க ஒரே பேச்சு, கம்ப்யூட்டர் போட்ட வரிசையைக் கடவுளாலும் மாற்ற முடியாது என்று.

பட்டியலைப் பராமரித்தவர் வைத்தி. மாயவரத்துக்காரர், என் வயதுதான், கரோல் பாகில் வாடகைக்கு இருந்தார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரெஜிஸ்டரில் ஓர் எண்ணின் மேலேயே வேறோர் எண்ணை எழுதிவிட்டு மெமோ வாங்கியவர். அதற்கப்புறம் அவர் வாழ்க்கையில் ஓவர்ரைட்டிங் என்பதே கிடையாது.

ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை, நான்கு வீடுகள் காலியாக இருந்தன. மூன்று மணிக்கு ஒதுக்கீட்டுக் குழு கூடி, முதல் நான்கு பேருக்கு ஆணை கொடுக்க வேண்டும். காலையிலேயே பட்டியலை அச்செடுத்து, தாழ்வாரத்து அறிவிப்புப் பலகையில் வைத்தி குத்திவிட்டார்.

மத்தியானம் நாங்கள் பெண்கள் எல்லோரும் புல்வெளியில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தோம். டெல்லி அலுவலகங்களில் குளிர்கால மத்தியானம் என்பது ஒரு தனி தேசம். ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுவாள், ஒருத்தி கின்னு ஆரஞ்சு உரிப்பாள், மூங்பலி என்கிற வேர்க்கடலையின் தோல் மடியெல்லாம் சிதறிக் கிடக்கும். எனக்குப் பின்னத் தெரியாது. கண்ணை மூடி, இமைக்குள் சிவப்பாகப் பரவும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது டிரைவர் ரோஹ்தாஷ் லட்டுப் பெட்டியோடு வந்தார். அரியானாவில் ஊர், தினமும் இரண்டு மணி நேரம் ரயிலில் வந்து போகிறவர்.

"மேடம் ஜீ, முஹ் மீட்டா கீஜியே. நாலாவது நம்பர்" என்று இனிப்பை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

லட்டைத் தின்றேன். மறுபடி கண்ணை மூடினேன். சுவரோரம் அந்த வரிசை தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. போன பட்டியலில் ரோஹ்தாஷ் ஐந்தாவதாக அல்லவா நின்றார்? இடையில் யாரும் ஓய்வு பெறவில்லையே. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் எப்போதும் கையில் துணியோடு நிற்பாள். அவளைக் காணோம். மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தேன்.

பச்சையம்மா எங்கள் கம்ப்யூட்டர் அறையைத் துடைக்கிறவள். விழுப்புரம் பக்கம் சொந்த ஊர். புருஷன் கட்டட வேலை, ஒரு பெண் குழந்தை. ரயில் பாதையை ஒட்டி ஒரு ஜுக்கிக் குடிசையில் குடியிருந்தார்கள். அந்த ஜுக்கிகளைத் திங்கட்கிழமை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வீட்டு ஆணை இன்று கைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை சாமானை எடுத்துக்கொண்டு போய்விடலாம். வராவிட்டால் ஜனவரிக் குளிரில் தெருதான்.

அறைக்கு ஓடிப்போய்த் தேடினேன். அவள் பெயர் இருந்தது, பட்டியலின் கடைசியில், போன செவ்வாய்க்கிழமை தேதியில்.

"வைத்தி சார், பச்சையம்மா அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிட்டாளா?"

"இல்லையே மேடம். மாமியார் ஊர்லேர்ந்து வந்துட்டாளாம். குடும்பத்துல மூணு பேர்னு இருந்தது, நாலுன்னு திருத்தணும்னு எழுதிக் கொடுத்தா. திருத்திட்டேன்."

"எப்படித் திருத்தினீங்க?"

"எப்படின்னா? மூணு மேலயே நாலைப் போட்டா ஓவர்ரைட்டிங் ஆயிடாதோ? அந்த வரியை அடிச்சுட்டு, முழுசையும் புதுசா எழுதினேன். ரெஜிஸ்டர்ல எப்பவும் அப்படித்தானே பண்றது."

ரெஜிஸ்டரில் அடித்தால், அடித்த கோட்டுக்குக் கீழே பழைய எழுத்து தெரியும். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. பெயர் தன் இடத்தில்தான் இருக்கிறது என்று பார்க்கிறவனுக்குப் புரியும். என் அட்டவணையில் அடித்தால் வரி காற்றாகப் போய்விடும். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டாள் என்று ஒரு ட்ரிகர் எழுந்து எல்லோரையும் மேலே நகர்த்தியது. புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள் என்று இன்னொரு ட்ரிகர் எழுந்து அவளைக் கடைசியில் நிறுத்தியது. இரண்டும் நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தன. அதை வைத்தியிடம் சொன்னபோது மனுஷன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ பன்னெண்டு வருஷமும் போயிடுத்தா?" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பச்சையம்மா வாசலில் வந்து நின்றாள். பலகையில் பார்த்துச் சொல்ல யாரையோ கேட்டிருக்கிறாள்.

"அக்கா, மேல எங்கயும் எம் பேரு இல்லியாமே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தத் தடவை கொஞ்சம் கீழ போயிருக்கு பச்சையம்மா, பார்க்கலாம்" என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வாய் தானாக அதைத்தான் சொல்லிற்று.

அவள் அழவில்லை. கையிலிருந்த துணியை மடித்தாள். "மெசினு தப்பு பண்ணாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல. கெழவி பேரைச் சேக்கச் சொல்லியிருக்கக் கூடாது. புத்திகெட்டுப் போயி கேட்டுட்டேங்க்கா" என்றாள். துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வலியை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மணி இரண்டு. நேராக என் நாற்காலியில் போய் உட்கார்ந்து, எனக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லைத் தட்டினேன். ட்ரிகரை நிறுத்தும் கட்டளையையும் அடித்து முடித்தேன். எண்டர் மட்டும்தான் பாக்கி.

பின்னால் வைத்தி நின்றிருந்தார். "உங்களாலயும் முடியாதுன்னேளே" என்றார்.

என் விரல் எண்டர் மேலேயே இருந்தது.

"முடியுமா?"

"முடியும்."

அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு வாட்டம்தான் தெரிந்தது. என் பொய்யை அவர் எத்தனை பேரிடம் சத்தியமாகச் சொல்லியிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்போ யாருக்கும் தெரியாம மாத்திடலாம்" என்றேன். "ரெண்டு நிமிஷம்."

"மாத்தலாம். காலம்பற பார்த்த பட்டியலும் மூணு மணிப் பட்டியலும் வேற வேறயா இருக்கும். நீங்க மதராஸி, நான் மதராஸி, அவளும் மதராஸி. ரோஹ்தாஷ் என்ன நெனைப்பான்? நாளைக்கு ஊரே என்ன சொல்லும்?" மேஜை மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, "அடிக்கறதுன்னா எல்லார் கண்ணுக்கும் தெரியறாப்பல அடிக்கணும் மேடம். பக்கத்துல ரெண்டாவது ஆள் கையெழுத்துப் போடணும்" என்றார். பிறகு தாழ்வாரத்துக்குப் போய், போன மாதப் பட்டியலைப் பலகையில் புதுப் பட்டியலுக்கு அடியிலிருந்து ஊசியோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்.

நான் எண்டரைத் தட்டவில்லை. என்ன செய்யலாம் என்று யோசிக்க அரை மணி நேரம் இருந்தது, ஆனால் யோசிக்க அதிகம் இல்லை. மனசுக்குள் கணக்குப் பார்த்தேன். சொன்னால் என் மானம் போகும். சீட்டுகள் திங்கட்கிழமையே வரத் தொடங்கும். சாவி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அந்த மூன்று ட்ரிகருக்கும் மரியாதை இல்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் பச்சையம்மா துணியை மடித்த விதம் கண்ணை விட்டுப் போகவில்லை.

குழுவில் மூன்று பேர். இயக்குநர், குடியிருப்புப் பிரிவு அதிகாரி, ஊழியர் சங்கத்து ஆள் ஒருவர். அவர்களையும் ரோஹ்தாஷையும் கம்ப்யூட்டர் அறைக்கே வரச் சொன்னேன். அந்த அறைக்குள் செருப்போடு வரக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. எல்லோரும் ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். இயக்குநரின் சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரல் தெரிந்தது. எனக்கு அந்த நேரத்திலும் அதைப் பார்க்கத் தோன்றியது.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். வைத்தி செய்தது ரெஜிஸ்டர் விதிப்படி சரி, அதை யோசிக்காமல் கட்டளை எழுதியது என் தப்பு என்றேன். இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் திருத்துகிறேன் என்றேன்.

இயக்குநர் மெதுவாகக் கேட்டார். "தோ ஆப் கர் சக்தீ ஹைன்." அப்படியானால் உங்களால் முடியும்.

"முடியும் சார். முதல் நாளிலிருந்தே முடியும்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவர் போன மாதப் பட்டியலை வாங்கி ரோஹ்தாஷிடம் நீட்டினார். "நீ சொல்."

ரோஹ்தாஷ் அதை வாங்கவே இல்லை. "பாக்க வேண்டாம் சாப்" என்றார் இந்தியில். "மூணாவது அவதான். எனக்கு மேல யார் யாருன்னு எனக்கு மனப்பாடம். காலையில பாத்ததுமே தெரிஞ்சது. கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வாயை மூடிக்கிட்டேன்." என் பக்கம் திரும்பி, "லட்டு திரும்ப வராது மேடம் ஜீ" என்றார். சங்கத்து ஆள் சிரித்துவிட்டார். ரோஹ்தாஷ் சிரிக்கவில்லை, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த வீடு காலியாக எட்டு மாதம் ஆயிற்று, அதுவரை ரயிலில்தான் வந்துகொண்டிருந்தார். அவர் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தவில்லை, நான்தான் அவர் கண்ணைப் பார்க்காமல் வணக்கம் சொன்னேன்.

ட்ரிகரை நிறுத்தினேன், வரிசையைச் சரிசெய்தேன், மறுபடி எழுப்பினேன். காலைப் பட்டியலில் வைத்தி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்து, மேலே எழுதினார். ஐந்து பேர் கையெழுத்து. கடவுச்சொல்லை அன்றைக்கே இரண்டாகப் பிரித்தேன். பாதியை உறையில் போட்டு ஒட்டி இயக்குநரிடம் கொடுத்தேன், மறுபாதியைச் சங்கத்து ஆளிடம் கொடுத்தேன். திங்கட்கிழமையிலிருந்து சீட்டுகள் வரத்தான் செய்தன. முடியாது என்று சொல்வது எவ்வளவு சுலபம், முடியும் ஆனால் மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்று எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. அப்படி மறுத்ததில் இரண்டு பேர் என்னோடு பேச்சையே விட்டுவிட்டார்கள்.

கதையை இங்கேயே நிறுத்தினால் எனக்கு நன்றாக இருக்கும். ஆனால் உங்களிடம் சொல்ல வந்தது இது இல்லை.

ஐந்து மணிக்குப் பச்சையம்மாவைக் கூப்பிட்டு ஆணையைக் கையில் கொடுத்தேன். நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். கும்பிடுவாள் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவள் கும்பிடவில்லை. காகிதத்தை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு, "எனக்கு முன்னாடி இப்படி யாராச்சும் கீழ போயிருக்காங்களாக்கா?" என்று கேட்டாள்.

நானும் வைத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு வருஷமாக அவர் அடித்து எழுதிக்கொண்டிருக்கிறார். நான் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. என் அட்டவணையில் அழிந்த வரிக்குத் தடயம் கிடையாது. நல்லவேளை, வைத்தி ஒரு காகிதத்தையும் எறிகிற ஆள் இல்லை. திருத்தம் கேட்டு வந்த மனுக்களையெல்லாம் நாடாக் கட்டிய கோப்புகளிலிருந்து எடுத்து, மேஜையில் பரப்பி, பழைய பட்டியல்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். ஒரு வாரம் ஆயிற்று. பச்சையம்மாவைத் தவிர ஏழு பேர். ஒருவரிடமிருந்தும் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. ஒருவரும் வந்து கேட்கவில்லை.

கடவுச்சொல்லின் இரண்டு பாதியையும் வரவழைத்து, ஆறு பேரை அவரவர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். அதற்குப் பிறகுதான், எந்த வரியையும் யாரும் அழிக்க முடியாதபடியும், எந்தத் திருத்தமானாலும் பழைய வரி அப்படியே ஓரமாகப் போய் உட்காரும்படியும் ட்ரிகர்களை மாற்றி எழுதினேன். ஏழாவது ஆள் ஒரு தோட்டக்காரர், அல்மோரா பக்கத்து மலை ஊர்க்காரர். அப்பா பெயரைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருந்தார். போன கோடையிலேயே ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார். வீடு கிடைக்கவே இல்லை. பட்டியல் வரும் நாளெல்லாம் பலகையில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிக்கொண்டு நிற்பார், நான் கடந்து போனால் ஒதுங்கி வழிவிடுவார். அவருக்குப் படிப்பதில் ஆசை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில்கூட எனக்கு முழுத் தைரியம் வரவில்லை. நிர்வாகக் காரணங்களால் தங்கள் வரிசை எண் சரியாகக் காட்டப்படாமல் போனதற்கு வருந்துகிறோம் என்று அலுவலக நடையில் நான்கு வரி. ஒரு மாதம் கழித்து, யாரையோ கொண்டு எழுதுவித்த அஞ்சலட்டை வந்தது. மேடம் நினைவில் வைத்து எழுதியதற்கு நன்றி, என் மகனும் உங்கள் அலுவலகத்தில் தோட்ட வேலைக்கு மனு போட்டிருக்கிறான், நான் என் மனுவில் என்ன தப்பு செய்தேன் என்று சொன்னால் அவன் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்வான் என்று கேட்டிருந்தார்.